மாடல் விமானத்தில் பேட்டரியை எங்கே வைப்பது? முதல் பறத்தலுக்கு முன் பேலன்ஸ் பார்க்கும் முறை

புதிதாக விமானம் கட்டுபவர்கள் மோட்டார், சர்வோ, ரிசீவர் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் பேட்டரியைச் செருகுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் விமானத்தில் உள்ள தனிப் பொருள்களில் பெரும்பாலும் அதிக எடை உள்ளது பேட்டரிதான். அதன் இடத்தைக் கடைசியில் முடிவு செய்யலாம்; அதற்குத் தேவையான இடத்தை மட்டும் கட்டும்போதே விட்டுவைக்க வேண்டும்.

முதலில் சி.ஜி., அதாவது ஈர்ப்பு மையம், எங்கே இருக்க வேண்டும் என்று பாருங்கள். வரைபடத்திலோ கிட்டோடு வந்த தாளிலோ குறித்திருப்பார்கள். இல்லையென்றால், நீள்சதுர இறக்கையும் வழக்கமான வாலும் உள்ள விமானத்துக்கு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 33 சதவீதம் வரை என்பது நல்ல தொடக்கம். இறக்கை 20 செ.மீ. அகலம் என்றால் 5 செ.மீ. தள்ளிக் குறியுங்கள். முதல் பறத்தலுக்கு முன்பக்கமே பாதுகாப்பு. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்கும் வாலில்லாத விமானத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

அடுத்து, இறக்கையின் அடியில், உடலின் இருபுறமும் அந்தத் தூரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பறக்கும்போது இருப்பதெல்லாம் இப்போதும் இருக்க வேண்டும்: ப்ரொப்பெல்லர், சக்கரங்கள், மூடி, பேட்டரி. பேட்டரி இணைப்பை மட்டும் கழற்றியே வையுங்கள். மோட்டார் தப்பித்தவறிச் சுற்றினால் விரல் போய்விடும். கோட்டில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மெல்லத் தூக்குங்கள். இறக்கை உடலின் அடியில் இருக்கும் விமானத்தைத் தலைகீழாகப் பிடித்தால் தடுமாறாது. மட்டமாகவோ, மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் போதும்.

வால் தாழ்கிறதா? பேட்டரியை முன்னே தள்ளுங்கள். மூக்கு செங்குத்தாகக் கவிழ்கிறதா? பின்னே இழுங்கள். எவ்வளவு என்று கணக்கே போடலாம். மொத்த எடை 900 கிராம், பேட்டரி 180 கிராம் என்றால் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அதை 25 மி.மீ. நகர்த்தினால் சி.ஜி. 5 மி.மீ. நகரும். இதையே ஈயத்தால் செய்ய, சி.ஜி.யிலிருந்து 25 செ.மீ. முன்னால் 18 கிராம் ஒட்ட வேண்டும். எந்த வேலையும் செய்யாத எடையை ஏன் சுமக்க வேண்டும்? பேட்டரி நகர இடமே இல்லாதபோது மட்டும் ஈயத்தைத் தேடுங்கள். அப்போதும் மூக்கின் நுனியில் ஒட்டினால் கொஞ்சமே போதும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. இப்போது அதை அசையாமல் கட்டுவதுதான் நான் கற்றுக்கொள்ள ஒரு விமானத்தை இழந்த விஷயம். அடியில் வெல்க்ரோ மட்டும் ஒட்டியிருந்தேன். செங்குத்தாக ஏறும்போது பேட்டரி வழுக்கிப் பின்னால் போனது. மூக்கு மேலும் தூக்கிக்கொண்டது. எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பை, முழுதாக இறக்கியும் கேட்கவில்லை. அதன்பிறகு அடியில் வெல்க்ரோ, மேலே சுற்றி ஒரு பட்டை, பின்னால் ஒரு தடுப்புக் கட்டை மூன்றும் இல்லாமல் நான் பறக்கவிடுவதில்லை. பேட்டரியின் முன்முனை எங்கே நிற்கிறது என்று பேட்டரி அறையின் உள்ளே ஒரு கோடும் போட்டுவிடுங்கள். வேறு எடையுள்ள பேட்டரி மாற்றினால் திரும்ப விரலில் வைத்துப் பாருங்கள்.

பக்கவாட்டு பேலன்ஸுக்கு, மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கினால் எந்த இறக்கை தாழ்கிறது என்று தெரியும். மற்ற இறக்கையின் முனையில் சிறு எடை ஒட்டினால் முடிந்தது.

அப்புறம் வானத்தில் சரிபார்ப்பு. முதலில் பாதி த்ராட்டிலில் (மோட்டார் வேகத்தில்), குச்சியைத் தொடாமலே மட்டமாகப் பறக்கும்படி ட்ரிம் செய்யுங்கள். நல்ல உயரத்துக்குப் போய், த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைச் சுமார் 45 பாகை கீழே சாய்த்து, எலிவேட்டர் குச்சியை விட்டுவிடுங்கள். விமானம் மெதுவாகத் தானே நிமிர்ந்தால் அப்படியே இருக்கட்டும். வெடுக்கென்று மேலே எழும்பினால் மூக்கு கனம். இறங்கிய பின் பேட்டரியை 5 மி.மீ. பின்னே நகர்த்துங்கள். இன்னும் செங்குத்தாகக் குனிந்தால் வால் கனம். உடனே மெதுவாக நிமிர்த்தி, இறக்கிவிட்டு, பேட்டரியை முன்னே தள்ளிய பிறகே மறுபடி பறக்கவிடுங்கள்.