தாரகோனாவை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

பார்சிலோனா வரை போகிறவர்கள் ஒரு நாளை மிச்சம் பிடித்துத் தாரகோனாவுக்குப் போய் வாருங்கள். கி.மு. 218இல் ரோமானியர் படைத்தளமாகத் தொடங்கிய தாராகோ இதுதான். பிறகு ஸ்பெயினின் பெரும்பகுதியை ஆண்ட மாகாணத்துக்கே தலைநகராயிற்று. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பாதி நாளைக் கோட்டைவிட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுவது இது.

படி 1: நிலையத்தின் பெயரை முழுதாகப் படியுங்கள்

நான் ஏமாந்த இடம் இதுதான். பார்சிலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் என்று பார்த்ததும், வேறெதையும் யோசிக்காமல் டிக்கெட் எடுத்தேன். இறங்கினால் கடலும் இல்லை, கோட்டையும் இல்லை. வெட்டவெளியில் ஒரு நிலையம், கார்கள் நிறுத்துமிடம், அவ்வளவுதான். பலகையில் 'காம்ப் தெ தாரகோனா' என்றிருந்தது. அது தாரகோனா வட்டாரத்தின் பெயர். நகரம் அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் காத்திருந்து ஊருக்குள் வந்தபோது உச்சிவெயில்.

நீங்கள் எடுக்க வேண்டியது, வெறும் 'தாரகோனா' என்ற நிலையத்துக்குப் போகும் சாதாரண ரயில். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். ரயில் போகும் திசையில் இடப்பக்கம் உட்காருங்கள், கடல் தெரியும். இறங்கும் நிலையமும் கடற்கரையை ஒட்டியே இருக்கிறது.

படி 2: முதலில் மேலே ஏறுங்கள்

நிலையத்துக்கு அருகிலேயே ஆம்பிதியேட்டர் (ரோமானியர் காலத்துத் திறந்தவெளிச் சண்டை அரங்கம்) கண்ணில் படும். கால் தானாக அங்கே இழுக்கும். போகாதீர்கள். நகரம் நிற்கும் குன்றை ரோமானியர் மூன்று தட்டுகளாக வெட்டினார்கள்: உச்சியில் கோயில், நடுவில் மாகாண மன்றத்தின் பெருஞ்சதுக்கம், கீழே தேரோட்டக் களம். காலைக் குளிர்ச்சியில் ஏறிவிட்டால் மிச்ச நாள் முழுவதும் இறக்கம்தான். நான் தலைகீழாகச் செய்து, மதிய வெயிலில் மூச்சு வாங்கினேன்.

கைப்பேசி வரைபடத்தைவிடச் சுற்றுலா அலுவலகத்துக் காகித வரைபடமே எனக்குப் பிடிக்கிறது. பழைய சந்துகளில் கைப்பேசியின் நீலப்புள்ளி தடுமாறுகிறது. காலணி முக்கியம். கல் பாவிய தெருக்கள் தேய்ந்து வழுக்கும்.

படி 3: இடிபாடுகளுக்கு முன் மாதிரியைப் பாருங்கள்

பல்யோல் சதுக்கத்தில் பழைய தாராகோவின் பெரிய மாதிரி இருக்கிறது. பத்து நிமிடம் அதன் முன் நில்லுங்கள். பார்க்காமல் போனால் நகரம் முழுக்கத் துண்டு துண்டாய்க் கற்கள். பார்த்துவிட்டால் ஒவ்வொரு கல்லும் எந்தத் தட்டைச் சேர்ந்தது என்று புரிந்துவிடும். அருகிலேயே மதில். சுமார் 1,100 மீட்டர் மிஞ்சியிருக்கிறது. அடிப்பகுதியில் செதுக்காத ராட்சதக் கற்கள், மேலே சீராக வெட்டிய கற்கள்.

படி 4: இறங்குங்கள்

பேராலயம் நிற்பது ரோமானியக் கோயில் இருந்த உச்சித்தட்டில். அதற்கு டிக்கெட் தனி. மற்ற ரோமானியச் சின்னங்களைப் பார்க்க நகராட்சியின் கூட்டு டிக்கெட் வாங்குவது லாபம். பிறகு ரோமானியர் காலத்துப் பிரெட்டோரியக் கோபுரம், அதன் கீழே தேரோட்டக் களத்தின் நிலவறைகள். களம் சுமார் 325 மீட்டர் நீளமாக இருந்தது. அதன் மேலேயே பிற்காலத்தில் வீடுகள் எழும்பின. ஃபோன்ட் சதுக்கத்தில் காப்பி குடிக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பது தேர்கள் ஓடிய இடத்தில்தான்!

படி 5: ஆம்பிதியேட்டர்

கடலைப் பின்னணியாகக் கொண்ட இதை மாலை வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். களத்தின் நடுவே ஏன் தேவாலயச் சுவர்கள் என்று குழம்ப வேண்டாம். கி.பி. 259இல் கிறிஸ்தவ ஆயர் ஃபுருக்டுவோசுவையும் இரண்டு திருத்தொண்டர்களையும் இங்கேதான் உயிரோடு எரித்தார்கள். அவர்கள் நினைவாக முதலில் ஒரு தேவாலயம், 12ஆம் நூற்றாண்டில் அதன் மேல் இன்னொன்று. பிறகு கடலைப் பார்த்த மேட்டில் இருக்கும் மத்தியதரைக்கடல் மாடத்துக்கு வந்து இரும்புக் கிராதியைத் தொடுங்கள். அதிர்ஷ்டம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நானும் தொட்டேன், அன்று திரும்பும் ரயில் தாமதம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர் எல்லாம் பூட்டியிருந்ததாக எழுதினார். அவர் போனது திங்கட்கிழமை! நகராட்சியின் சின்னங்களுக்கு அன்று விடுமுறை. ஞாயிறு மதியமும் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள்.

ரோமானியர் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய நீர்ப்பாலத்தை ஏன் விட்டுவிட்டேன் என்று இன்னொருவர் கேட்டார். நகருக்கு வடக்கே 4 கிலோமீட்டரில் இருக்கிறது, 'பேய்ப்பாலம்' என்பார்கள். 217 மீட்டர் நீளம், 27 மீட்டர் உயரம், இரண்டடுக்கு வளைவுகள். தண்ணீர் ஓடிய கால்வாய்க்குள்ளேயே நடந்து மறுகரைக்குப் போகலாம். சான் சல்வதோர் பக்கம் போகும் நகர பஸ்ஸில் ஏறுங்கள். இறங்கும்போதே ஓட்டுநரிடம், திரும்பிவர எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.