மனநலத்தையும் கையில் எடுக்க நினைக்கும் இளைஞர் மன்றங்களுக்கு

ஊரில் நாலு பேர் சேர்ந்து மன்றம் ஆரம்பித்தால் முதலில் ரத்ததான முகாம், அப்புறம் மரக்கன்று, பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி என்றுதான் யோசனை ஓடும். இப்போது மனநலமும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் பல ஊர்களில் அது அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒரு டாக்டரை அழைத்துச் சால்வை போர்த்தி, ஒரு மணி நேரம் பேசவைத்து, குரூப் போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அன்றைக்கு அங்கே உட்கார்ந்து கேட்ட ஒரு பிள்ளைக்கு நவம்பரில் ராத்திரி ராத்திரியாகத் தூக்கம் வரவில்லை என்றால் யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு மன்றத்திடம் பதில் தயாராக இருக்க வேண்டும். மேடையும் மைக்கும் அதற்கு அப்புறம் வந்தால் போதும்.

அதனால் முதல் வேலையாக உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேரில் போங்கள். மனநலப் பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, ஓ.பி. சீட்டு எங்கே போட வேண்டும், எத்தனை மணிக்குள் போக வேண்டும், எந்தக் கிழமைகளில் மருத்துவர் இருப்பார் என்று எழுதி வாருங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் இலவச சிகிச்சை, ஆனாலும் எந்த வாசலில் நுழைவது என்று தெரியாமலேயே திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. "வா, நான் கூட வரேன், புதன்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினா பதினொண்ணுக்குள்ள வந்துடலாம்" என்று சொல்கிற அளவுக்கு உங்களுக்கு விவரம் தெரிந்திருந்தால், அதுவே பாதி உதவி.

அடுத்தது போன் எண்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இயங்குகிறது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104 மாநில அரசின் மருத்துவ உதவி எண். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 1098. சென்னையில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. ஸ்நேகாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய அந்த மையத்தில் போனை எடுத்துப் பேசுகிறவர்கள் தன்னார்வலர்கள், முறையாகப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். டாக்டர் பட்டம் இல்லாதவர்களாலும் ஒருவருடைய மனசைக் கேட்டு உதவ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் மாநிலத்தில் இல்லை, ஆனால் பயிற்சி என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எண்களைக் கொடுப்பதற்கு முன்னால் உங்களில் ஒருவர் கூப்பிட்டுப் பார்த்து, எடுத்ததும் என்ன கேட்கிறார்கள், எந்த எண்ணை அழுத்தச் சொல்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய் இருக்கிறவருக்கு அது தெரிந்தால் தைரியமாக இருக்கும்.

சரி, பிள்ளைகள் எப்படி வருவார்கள்? 'மனநலக் கூட்டம்' என்று அறிவித்தால் வரமாட்டார்கள். வந்தால் "உனக்கு என்ன பிரச்சினை?" என்று தெருவே கேட்கும். ஊருணியைத் தூர்வார வாருங்கள் என்று சொல்லுங்கள், வருவார்கள். ஊர் வேலையையும் மனநல வேலையையும் இரண்டு தனித்தனிப் பிரிவாக்கி, ஆளுக்கொரு பொறுப்பாளர் போடும் மன்றங்களைப் பார்க்கிறேன், அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊர் வேலைதான் வாசல். முழங்கால் சேற்றில் இரண்டு பேர் ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, கை வேலையில் இருக்கிறது, பேச்சு தானாக வருகிறது. பிளஸ் டூ படிக்கும் பையன், "அண்ணே, வீட்ல அப்பா ரெண்டு மாசமா எங்கூடப் பேசல" என்று அந்த நேரத்தில்தான் சொல்வான். அதே பையனை நாற்காலியில் உட்காரவைத்து "மனசு விட்டுப் பேசு" என்றால் வாயைத் திறக்க மாட்டான். அதனால் பெரிய முகாம் வருஷத்துக்கு ஒன்று என்பதை விட, வாரம் தவறாத சின்ன வேலையாக எடுங்கள். ஞாயிறு காலை நூலகத்தைச் சுத்தம் செய்வது, சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன், பெரியவர்களை முதியோர் உதவித்தொகை மனுவுக்குக் கூட்டிப் போவது, எதுவானாலும் சரி. ஒவ்வொரு வாரமும் அதே முகங்கள் வந்தால்தான், வராத முகம் எது என்று தெரியும். இரண்டு வாரம் ஒருவன் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஓர் ஆள் இருக்கட்டும்.

கேட்பது எப்படி என்பதை மன்றத்தில் எல்லோரும் பழக வேண்டும். அறிவுரை வேண்டாம். "இதுக்கெல்லாமா கவலைப்படுவ", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்", இந்த இரண்டு வாக்கியமும் மன்றத்துக்குள் நுழையவே கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேரடியாக, ஆனால் அன்பாகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம்மில் பலருக்குப் பயம் இருக்கிறது. அப்படி ஆவதில்லை, கேட்பதால் அந்த மனிதருக்குப் பாரம்தான் குறைகிறது, உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. ஆமாம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள். கூட இருந்துகொண்டே 14416க்குப் பேசுங்கள், அவர் நம்புகிற பெரியவர் ஒருவரை வரவழையுங்கள், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. அதற்கு மேல் சிகிச்சை மருத்துவரின் வேலை, நீங்கள் கூடப் போகிற ஆள்.

ரகசியம் காப்பது பற்றி முதல் நாளே தெளிவாகப் பேசிவிடுங்கள். கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம், ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலும், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை, மறைப்பது குற்றம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்கும் பிள்ளையிடம் சத்தியம் பண்ணிவிட்டு மீறுவதைவிட, இந்த இரண்டு விதிவிலக்கையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

வருஷத்தில் ஒரு நாளுக்கு மன்றம் முழு பலத்தோடு தயாராக வேண்டும் என்றால், அது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள். தேறியவர்களுக்குக் கேக் வெட்ட ஆயிரம் பேர் இருப்பார்கள், தேறாதவர்களைத் தேடிப் போங்கள். உடனே நடக்கும் துணைத் தேர்வு என்பது எவ்வளவு பெரிய வரம் என்று அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாருக்கும் உறைக்காது, அழுகையும் திட்டும்தான் இருக்கும். முன்பெல்லாம் தோற்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இப்போது அந்த வருஷமே எழுதிப் பாஸாகிக் கல்லூரிக்கும் போய்விடலாம். ஆகவே பள்ளி வாசலிலோ ஜெராக்ஸ் கடை பக்கத்திலோ ஒரு மேசை போட்டு, துணைத் தேர்வுக்கு என்றைக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு, விடைத்தாள் நகல், மறுகூட்டலுக்கு எப்படிக் கேட்பது என்பதை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்து எழுதி வையுங்கள். போன வருஷம் துணைத் தேர்வில் தேறிய ஒரு அண்ணனோ அக்காவோ அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது எந்தப் பேச்சாளரையும் விட மேல். முடிந்தால் அன்றே டியூஷனையும் ஆரம்பித்துவிடுங்கள், நாளைக் காலை எங்கே போவது என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்கும். அன்று ராத்திரி பெற்றோரிடமும் ஒரு வார்த்தை: இன்றைக்கு மார்க்கைப் பற்றிப் பேச வேண்டாம், சாப்பிடவையுங்கள், தனியாகத் தூங்கவிடாதீர்கள்.

இன்னொன்று, எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதியாக வேண்டும். ஊரில் ஓர் இளம் உயிர் தற்கொலையில் போய்விட்டால் மன்றம் என்ன செய்வது? நம் வழக்கப்படி மறுநாள் காலைக்குள் முச்சந்தியில் சிரித்த முகத்தோடு பெரிய கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நிற்கும், எல்லார் வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் படம், எப்படிச் செய்துகொண்டார், ஏன் செய்துகொண்டார் என்ற கதை. பாசத்தில் செய்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏற்கெனவே மனம் உடைந்து கிடக்கும் இன்னொரு பிள்ளை அதைப் பார்த்து, செத்தால்தான் ஊர் நம்மையும் இப்படிக் கொண்டாடும் என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் நிஜமானது. ஒரு சாவைத் தொடர்ந்து இன்னொன்று நடப்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். அதனால் பிளெக்ஸ் வேண்டாம் என்று அந்தக் குடும்பத்திடம் பக்குவமாகப் பேசுங்கள். நடந்த விதத்தையும் இடத்தையும் காரணத்தையும் மன்றத்து குரூப்பில் யாரும் பகிர வேண்டாம். காரியம் முடியும் வரை வீட்டு வேலைகளுக்குத் தோள் கொடுங்கள். கூடப் படித்தவர்கள், காதலித்தவர், கடைசியாகப் போனில் பேசியவர், இவர்களையெல்லாம் பெயர் எழுதிப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒருவராகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போதாது, மாதக்கணக்கில்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரின் வீட்டுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகாத குடும்பங்கள் உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. ஊர்க் கூட்டத்தில், மகளிர் குழுவில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

விவசாய ஊர் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டை லட்சுமி விஜயகுமார் குழுவினர் செய்து பார்த்தார்கள், விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டதையும் 2013இல் ஆய்வாக வெளியிட்டார்கள். கோபமோ வேதனையோ உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டவைத்தால் பல உயிர்கள் பிழைக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. இதைவிடச் செலவு குறைந்த, பலன் கண்கூடான ஊர் வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை. கூட்டுறவுச் சங்கத்தோடும் ஊராட்சித் தலைவரோடும் பேசிப் பாருங்கள்.

கூடும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் கால் வைக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். ஒரு சமுதாயத்துக்குச் சொந்தமான மண்டபத்தில் கூடினால் பாதி ஊர் வராது. அரசுப் பள்ளியும் ஊர்ப்புற நூலகமும் நல்லவை. பெண் பிள்ளைகள் வர வேண்டும் என்றால் பொறுப்பில் பெண்கள் இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் முடிய வேண்டும், வீட்டில் அம்மாவிடம் ஒரு அக்கா நேரில் போய்ப் பேச வேண்டும்.

பெரிய அமைப்போடு சேர்வதா என்று கேட்பார்கள். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் இளைஞர் பிரிவுகளான ரோட்டராக்ட், லியோ போன்றவற்றில் பெயரும் வழிகாட்டலும் கிடைக்கும், சந்தாவும் அறிக்கைகளும் கூடவே வரும். கல்லூரியில் இருந்தால் நாட்டு நலப்பணித் திட்டத்தோடு இணைந்து செய்யலாம். பணம் பெரிதாகத் தேவைப்படாது: பஸ் கட்டணம், டீ, ஜெராக்ஸ், ஒரு பொது போன். அரிசி மண்டிக்காரரும் மெடிக்கல் ஷாப்காரரும் கேட்டால் தருவார்கள், கணக்கை மாதாமாதம் எழுதி ஒட்டிவிடுங்கள். உதவி பெற்ற பிள்ளையின் படத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் எங்கும் போடாதீர்கள், நன்கொடை தருபவர் கேட்டாலும்.

கடைசியாக, கேட்கிறவர்களையும் யாராவது கேட்க வேண்டும். பொது போனை ஒருவரே தினமும் வைத்திருக்க வேண்டாம், வாரத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். கஷ்டமான ஒரு விஷயத்தைக் கேட்டுவிட்டு வந்தவர் அன்றைக்கே இன்னொரு உறுப்பினரிடம், பெயர் சொல்லாமல், தனக்கு எப்படி இருந்தது என்று பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மாதம் ஒரு முறையாவது மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வரவழைத்து உட்காருங்கள், முதல் ஓ.பி. பயணத்திலேயே அவர்களிடம் நாள் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்துவிடலாம்.