சிங்கப்பூர் – நியூயார்க்: தூரமும் நேரமும் கணக்கிடும்போது எங்கே தப்புகிறது?

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்குச் சுமார் 15,350 கி.மீ. மிக நெடுந்தூரம் பறக்கவென்றே அமைந்த ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். விமானம் இடையில் எங்கும் இறங்காமல் போய்ச் சேர ஏறக்குறைய 18½ மணி நேரம் ஆகிறது. விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணிதானே வருகிறது? கணக்கு உதைக்கிறதே!

முதலில் தூரம். சுவரில் மாட்டும் தட்டையான மெர்கேட்டர் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது இலங்கை, ஏமன், சஹாரா, அட்லாண்டிக் என்று போகும். அந்த வழியின் நீளம் ஏறத்தாழ 18,500 கி.மீ. பூமி உருண்டை என்பதால் உண்மையான குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இது விளங்கிவிடும்.

ஆனால் அந்த நூல் வழியே விமானம் பறப்பதும் அரிது. நடு அட்சரேகைகளில் உயரே மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்தை 150 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3,000 கி.மீ. கடக்க 2 மணி 51 நிமிடம் போதும். எதிரே வீசினால் 4 மணி. அதனால்தான் நியூயார்க் போகும் விமானம் பசிபிக்கின் மேல் சுற்றிப் போவதுண்டு: கிலோமீட்டர் கூடும், நேரம் குறையும். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு, அதுவும் கிழக்கு நோக்கித்தான்! தூரத்தை வேகத்தால் வகுத்து அரை மணி சேர்த்துக் காட்டும் கணிப்பான்களுக்கு இந்தக் காற்று தெரியாது. விமான நிறுவன அட்டவணையையே நம்புங்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம்.

மைல் என்று கண்டால் எந்த மைல் என்று பாருங்கள். தரை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. இதே தூரம் தரை மைலில் சுமார் 9,540. கடல் மைலில் 8,290.

அதிகம் பேர் சறுக்குவது கடிகாரத்தில். திங்கள் இரவு 11.30-க்குக் கிளம்பி, செவ்வாய் காலை 5.00-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால் பயணம் ஐந்தரை மணி அல்ல. குளிர்காலத்தில் நியூயார்க் 13 மணி பின்தங்கியிருக்கும். கிளம்பும்போது அங்கே திங்கள் காலை 10.30. ஆக 18½ மணி. திரும்பும்போது திங்கள் இரவு 10.30-க்கு ஏறினால், அதே 18½ மணியில் இறங்குவது புதன் காலை 6.00. செவ்வாய்க்கிழமைக்கு ஹோட்டல் பதிவு செய்தவர் ஒரு நாள் வாடகையைத் தண்டமாகக் கட்டுவார். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12 மணி மட்டுமே. அமெரிக்கா கடிகாரத்தை மாற்றுகிறது, சிங்கப்பூர் மாற்றுவதில்லை.

நள்ளிரவு விமானமும் ஒரு பொறி. 15-ஆம் தேதி 00.05 என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

‘நியூயார்க்’ என்று மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். நியூவார்க்குக்கும் சாங்கியிலிருந்து நேரடி விமானம் உண்டு. தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அது ஹட்சன் ஆற்றுக்கு அப்பால், நியூ ஜெர்சியில் இருக்கிறது. அங்கே இறங்கி ஜே.எஃப்.கே.யில் அடுத்த விமானம் பிடிப்பதென்றால் சாலையில் மட்டும் ஒரு மணிக்கு மேல் ஆகும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனை. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டும். இடைவெளி மூன்று மணிக்குக் குறைந்தால் அந்த டிக்கெட்டை எடுக்காமல் இருப்பதே நல்லது.