டிவி ரெக்கார்டரில் ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது?

ரெக்கார்டிங் வசதியுள்ள செட்-டாப் பாக்ஸ் திடீரென்று "டிஸ்க் இல்லை" என்று காட்டும். உடனே புது டிஸ்க் வாங்கக் கிளம்புபவர்கள் உண்டு. "பார்மட் செய்யவா?" என்று திரை கேட்டதும் யோசிக்காமல் ஆம் என்று அழுத்துபவர்கள் அதைவிட அதிகம். முதல் வழியில் பணம் போகும், இரண்டாவதில் பதிவுகள் போகும். டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் அதற்குப் போகிற கரண்ட்டைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எதையும் அழிக்காத சோதனைகளை முதலில் முடியுங்கள், பார்மட் கடைசிதான்.

கரண்ட் போதுகிறதா?

சட்டைப்பை அளவுள்ள 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. யூஎஸ்பி போர்ட் தருவதை வைத்துத்தான் அது ஓடவேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு விதிப்படி 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900. ஆனால் டிஸ்க்குக்குள் நின்றிருக்கும் தட்டு சுழல ஆரம்பிக்கும் ஓரிரு நொடிகளில் டிஸ்க் 1 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். கம்ப்யூட்டர் போர்ட்டுகள் பலவும் விதியைத் தாண்டிக் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கும், ரெக்கார்டர்கள் அப்படியல்ல. "கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறதே" என்பது டிஸ்க்குக்கு நற்சான்று, ரெக்கார்டரின் போர்ட்டுக்கு அல்ல.

கரண்ட் பற்றாக்குறையைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். தட்டு சுழல முயன்று, "டிக்" என்று நின்று, மறுபடி முயலும். விளக்கு எரிந்து அணையும். ஒரு நிகழ்ச்சியைப் பதியும்போது ஒன்றும் ஆகாது. அதே நேரத்தில் பழைய பதிவொன்றைப் போட்டால் டிஸ்க் காணாமல் போகும்.

அடுத்து கேபிள். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மலிவான கேபிள்களில் கரண்ட் போகும் கம்பியும் மெலிந்த 28 கேஜாக இருப்பதுண்டு. அதன் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் கேபிள் என்றால் போகவும் வரவும் சேர்த்து 4 மீட்டர் கம்பி, ஏறக்குறைய 0.85 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 5 வோல்ட் கிளம்பிய இடத்தில் 4.15 தான் போய்ச் சேரும். டிஸ்க் திணறாமல் என்ன செய்யும்? டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளையே போடுங்கள். அலமாரிக்குப் பின்னால் எட்டவில்லை என்று எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வழியாக இணைத்துப் பாருங்கள். இதில் இரண்டு சிக்கல்கள் வரலாம். சில ரெக்கார்டர்கள் ஹப்பை ஏற்பதே இல்லை. சில மட்டமான ஹப்புகள் கரண்ட்டைப் பின்வழியாக ரெக்கார்டருக்குள்ளேயே தள்ளும். சுவிட்சை அணைத்த பிறகும் பாக்ஸில் விளக்கு மங்கலாக எரிந்தால் அதுதான் காரணம், அந்த ஹப் வேண்டாம். நாள் முழுக்க ரெக்கார்டரோடு கிடக்கப்போகிற டிஸ்க் என்றால், 12 வோல்ட் அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க்கே மேல். இடத்தை அடைக்கும், ஆனால் இந்தத் தலைவலி இருக்காது.

டிஸ்க்கைக் கழற்றினால் பாக்ஸ் ஒழுங்காக ஓடுகிறது, மாட்டினால் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் பாக்ஸின் சொந்த அடாப்டரைச் சந்தேகியுங்கள். அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் (கரண்ட்டைத் தேக்கிச் சீராக்கும் பாகங்கள்) வயதானால் வலுவிழக்கும்; பாக்ஸை மட்டும் தாங்கும், டிஸ்க்கையும் சேர்த்துத் தாங்காது. மாற்றும்போது வோல்ட்டும் பின்னின் பிளஸ்-மைனஸும் அப்படியே பொருந்தவேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக்கூடாது.

டிஸ்க் ஓடுகிறது, ஆனால் ரெக்கார்டர் ஏற்கவில்லை

இது பார்மட் (டிஸ்க்கில் கோப்புகளை எழுதும் முறை) அல்லது பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது) சிக்கல். பழைய ரெக்கார்டர்கள் 2 டிபிக்கு மேலான டிஸ்க்குகளில் தடுமாறும். எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் 512 பைட் செக்டர்களை (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டங்களை) அதற்குமேல் எண்ண முடியாது. மென்பொருள் வைப்பதற்காக மறைவான பார்ட்டிஷனோடு விற்கப்படும் டிஸ்க்குகளும் உண்டு. ரெக்கார்டர் அந்தச் சின்னப் பகுதியைப் பார்த்துவிட்டு "இடம் இல்லை" என்று சொல்லிவிடும். (1 டிபி டிஸ்க்கை 931 ஜிபி என்று காட்டுவது பழுதே அல்ல, கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு.)

ஃபேட்32 என்ற பார்மட் முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 8 மெகாபிட் வரும் எச்டி சேனல் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி பிடிக்கும். கோப்பைத் தானாகத் துண்டு போடத் தெரியாத ரெக்கார்டரில் பதிவு ஒவ்வொரு முறையும் 71 நிமிடத்தை ஒட்டி அறுந்தால் காரணம் இதுதான்.

கம்ப்யூட்டரில் பார்மட் செய்து கொண்டுவருவதைவிட, காலி டிஸ்க்கை மாட்டி ரெக்கார்டரையே பார்மட் செய்யவிடுவது நல்லது. பல ரெக்கார்டர்கள் உள்ளே லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன, தங்களுக்குத் தோதான முறையைத் தாங்களே எழுதிக்கொள்ளும். டிஸ்க்கை முழுக்கக் காலியாக்க, விண்டோஸில்:

1. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்க்பார்ட் (diskpart) கட்டளையைக் கொடுங்கள்.
2. லிஸ்ட் டிஸ்க் (list disk) கட்டளையில் வரும் பட்டியலில் கொள்ளளவை வைத்து உங்கள் டிஸ்க்கின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். சந்தேகம் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மறுபடி பட்டியல் எடுங்கள். காணாமல் போன எண்தான் அது.
3. செலக்ட் டிஸ்க் (select disk) என்று அந்த எண்ணோடு கொடுத்து, பிறகு கிளீன் (clean). இது "நிச்சயமா?" என்று கேட்காது. எண் தவறினால் கம்ப்யூட்டரில் உள்ள வேறொரு டிஸ்க் காலியாகிவிடலாம்.

ஏற்கெனவே பதிவுகள் உள்ள டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் விண்டோஸ் பார்மட் செய்யச் சொல்லும். அதற்குப் படிக்கத் தெரியாத முறையில் எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அர்த்தம். ரத்து செய்துவிட்டுக் கழற்றுங்கள். பல ரெக்கார்டர்கள் பதிவுகளை அந்தப் பாக்ஸுக்கே உரிய சாவியால் பூட்டுகின்றன. பாக்ஸையோ அதன் போர்டையோ மாற்றினால் டிஸ்க் நன்றாக இருந்தும் பதிவுகள் திறக்காது. இதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை.

பதிவில் இடைவெளி, திக்கல்

டிஸ்க்கின் வேகம் போதவில்லை என்று நினைக்கத் தோன்றும். மேலே சொன்ன எச்டி சேனலுக்கு நொடிக்கு 1 எம்பி போதும், யூஎஸ்பி 2.0 நடைமுறையில் 30 எம்பிக்கு மேல் தாங்கும். இரண்டு சேனல் பதிந்துகொண்டு மூன்றாவதைப் பார்த்தாலும் நிறைய மிச்சம் இருக்கும். வேகத்தைவிட, நடுவில் டிஸ்க் நின்று யோசிப்பதுதான் தொல்லை.

முதல் சில நொடிகள் மட்டும் பதிவாகவில்லை என்றால் டிஸ்க் தூங்கியிருந்திருக்கிறது. டிஸ்க் தயாரிப்பாளரின் மென்பொருளில் தூங்கும் நேரத்தை அணைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் டைமரை 2 நிமிடம் முன்னதாக வையுங்கள். நடுவில் திக்கினால், டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். அதில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், அழித்து எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் திருப்பி எழுதவேண்டியிருக்கும். டைம்ஷிஃப்டை (நேரலையை நிறுத்தி, பின்னோக்கிப் பார்க்கும் வசதியை) அணைத்து, பத்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பென் டிரைவை இந்த வேலைக்கு நம்பவேண்டாம். தொடர்ந்து எழுதும்போது அதன் வேகம் படுத்துவிடும்.

3.0 டிஸ்க்கை மாட்டியதும் வைஃபை அல்லது ப்ளூடூத் ரிமோட் தடுமாறினால், யூஎஸ்பி 3.0 சிக்னல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கிளப்பும் இரைச்சலே காரணம். டிஸ்க்கைத் தள்ளி வையுங்கள். அகலமான மைக்ரோ-பி சாக்கெட் உள்ள டிஸ்க் என்றால், அதன் ஒரு பாதியில் சாதாரண 2.0 மைக்ரோ கேபிள் பொருந்தும், டிஸ்க் 2.0 வேகத்துக்கு இறங்கி இரைச்சல் அடங்கும்.

கடைசியாக டிஸ்க்

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால் கம்ப்யூட்டரில் மாட்டி, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் விவரங்களைப் பாருங்கள். 05 என்ற வரி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களையும், சி5 படிக்க முடியாமல் காத்திருப்பவற்றையும் காட்டும். சில நாள் இடைவெளியில் பார்க்கும்போது இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் காலம் முடிகிறது. சி7 மட்டும் ஏறினால் தட்டு நன்றாக இருக்கிறது, டிஸ்க்குக்கும் அதன் வெளிப்புற உறையிலுள்ள யூஎஸ்பி சிப்புக்கும் நடுவே இணைப்பு சரியில்லை.

உறையைப் பிரித்து டிஸ்க்கை வேறு உறையில் போடும் யோசனை எல்லா டிஸ்க்குக்கும் ஒத்துவராது. சிலவற்றில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கும். சிலவற்றில் உறையின் சிப்பே தகவலைக் குறியாக்கம் செய்திருக்கும். பதிவுகள் அவ்வளவு முக்கியம் என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மென்பொருள் கொண்டு, அதே அளவோ பெரிதோ உள்ள டிஸ்க்குக்குச் செக்டர் செக்டராக நகல் எடுங்கள். நொடிக்கு 30 எம்பி வேகத்தில் 1 டிபிக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கெட்ட செக்டர்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். டிஸ்க்கின் அடையாள எண்ணையும் சரிபார்க்கும் ரெக்கார்டர் நகலை ஏற்காமல் பார்மட் கேட்கும். அப்போதும் ரத்துதான்.