பி.எம்.பி. சான்றிதழ்: தேர்வுக்கு முன்னால் விண்ணப்பம்

ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பணி, கங்கைகொண்டான் சிப்காட்டில் தொழிற்கூடக் கட்டுமானம், குளக்கரை சீரமைப்பு என்று திருநெல்வேலி வட்டாரத்தில் வேலைகளை முன்னின்று நடத்தும் பொறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. (Project Management Professional) சான்றிதழ் என்றதும் அவர்கள் தேர்வைப் பற்றியே கேட்கிறார்கள். என் அனுபவத்தில் தேர்வைவிட விண்ணப்பமே அதிக உழைப்பைக் கேட்பது என்பதால், இங்கே அதை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தகுதியைப் பாருங்கள். 1969-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. (Project Management Institute) அமைப்பு 1984 முதல் இச்சான்றிதழை வழங்கி வருகிறது. பட்டதாரிகளுக்குத் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும், பள்ளிக் கல்வியோடு நின்றவர்களுக்கு 60 மாத அனுபவமும் தேவை. இரு சாராருக்கும் 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சி கட்டாயம். அனுபவம் இல்லாத இளைஞர்கள் 23 மணி நேரப் பயிற்சியோடு, அதே அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். தேர்வை எழுதலாம்; அதில் 150 கேள்விகள், 3 மணி நேரம்.

அடுத்து, நீங்கள் செய்த வேலைகளில் எது திட்டம், எது அன்றாட இயக்கம் என்று பிரியுங்கள். தொடக்கமும் முடிவும் உடையதாய், முன்பு இல்லாத ஒன்றை உருவாக்கித் தருவதாய் இருப்பதே திட்டம். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலைக்கு மாதந்தோறும் செய்யும் பராமரிப்பு திட்டமாகாது. பழைய காற்றாலையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய காற்றாலையை நிறுவுவது திட்டம். பத்து ஆண்டு பராமரிப்புப் பிரிவில் இருந்தேன் என்பதால் மட்டும் தகுதி வந்துவிடாது. ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் இப்படிப்பட்ட மாற்றுப் பணிகள் சில இருந்திருக்கும்; அவற்றைத் தேடி எடுக்க வேண்டும்.

மாதங்களைக் கணக்கிடும்போது கவனம் தேவை. ஒரு பணி ஏப்ரல் முதல் டிசம்பர் வரையும், இன்னொன்று ஜூலை முதல் அடுத்த மார்ச் வரையும் நடந்திருந்தால், ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு என்று கூட்டக் கூடாது. ஒரே காலத்தில் நடந்த மாதங்கள் ஒருமுறைதான் கணக்கில் வரும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 12 மாதங்களே.

இனி, எழுதும் வேலை. ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் நோக்கம், உங்கள் பொறுப்பு, கிடைத்த விளைவு மூன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதிய வரைவில், “காற்றாலை அடித்தளப் பணியை மேற்பார்வையிட்டேன்” என்ற ஒரே வரிதான் இருந்தது. அதில் நான் எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. பிறகு அதையே இப்படித் திருத்தினேன்: “ஆனி, ஆடி மாதங்களில் கிரேனை இயக்க முடியாத அளவுக்குக் காற்று வீசும் என்பதை இடர்ப் பட்டியலில் பதிந்தேன். அதற்கு முன்பே கோபுரங்களை நிறுத்த வேண்டும் என்பதாலும், அடித்தளக் கான்கிரீட் முழு வலுப்பெற 28 நாள் விட வேண்டும் என்பதாலும், அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மாசியில் கான்கிரீட் போடும்படி அட்டவணை வகுத்தேன். கம்பி வந்து சேரத் தாமதமானபோது, வேலை வரிசையை மாற்றி ஒப்பந்ததாரரின் ஒப்புதலைப் பெற்றேன்.” இடர், அட்டவணை, மாற்றக் கட்டுப்பாடு மூன்றும் இதில் தாமாகவே வந்துவிட்டன. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். ஆனாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். என்ன செய்தோம் என்பது மனத்தில் தெளிந்த பிறகு மொழிபெயர்ப்பது எளிது.

பெயரிலும் கவனமாக இருங்கள். நம்மில் பலருக்கு ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். இன்னொன்றில் தந்தையின் பெயர் முழுமையாக இருக்கும். தேர்வன்று காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் பெயரைப் பதியுங்கள்.

சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அப்போது பட்டச் சான்றையும் பயிற்சிச் சான்றையும் அனுப்புவதோடு, ஒவ்வொரு திட்டத்தையும் அறிந்த மேலதிகாரியின் ஒப்புதலையும் பெற்றுத் தர வேண்டியிருக்கும். என் பழைய மேலதிகாரி ஒருவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டதால், அவரது எண்ணைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஆகவே விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே அவர்களை அழைத்து, “சார், இந்தப் பணியை இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானா?” என்று கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் ஓர் ஆண்டுக்குள் மூன்று முறை வரை தேர்வு எழுதலாம். 180 கேள்விகள், ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகக் கிடைக்கும். பெரும்பாலானவை சூழலைச் சொல்லி, “அடுத்து என்ன செய்வீர்கள்?” என்று கேட்பவை. ஒப்பந்ததாரரும் குழுவினரும் முரண்படுகிறார்கள் என்றால், உடனே மேலிடத்துக்குக் கொண்டுபோவதை விட, இருவரையும் உட்கார வைத்துக் காரணத்தைக் கேட்பதே பெரும்பாலும் சரியான விடை. கணக்குகள் குறைவுதான், ஆனால் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்: இன்றைக்குள் 10 லட்சம் ரூபாய் மதிப்பிலான வேலை முடிந்திருக்க வேண்டிய இடத்தில் 8 லட்சத்துக்கான வேலைதான் முடிந்திருக்கிறது என்றால், அட்டவணைக் குறியீடு 0.8, அதாவது பணி பின்தங்கியிருக்கிறது.

வீட்டிலிருந்தும் எழுதலாம், தேர்வு மையத்துக்குச் சென்றும் எழுதலாம். மின்தடையும் இணையமும் கவலை தருமானால் மையமே நல்லது. தேர்ச்சி பெற்ற பின், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, வகுப்புகள் போன்றவற்றின் மூலம் கிடைக்கும் 60 தொழில் வளர்ச்சி அலகுகளைச் சேர்த்துச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். கற்ற வகுப்புகளின் சான்றுகளை முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.