அலை சாதுதான், போர்டு அப்படியில்லை: லாங்போர்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் சலாடிட்டா போன்ற, அலைச்சறுக்கு (சர்ஃபிங்) நடக்கும் வெப்பமண்டல பாயின்ட் பிரேக்குகளில் அலை நிலமுனையைச் சுற்றி வளைந்து, ஒரே பக்கமாக, அவசரமே இல்லாமல் உடைந்துகொண்டு வரும். தண்ணீரும் வெதுவெதுப்பு. கரையில் நின்று பார்க்கிறவருக்கு, இங்கே என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் தோன்றும். பெரும்பாலான தவறுகளுக்கு அந்த அசட்டைதான் காரணம்.

இருப்பதிலேயே மோசமானது, உடைந்த அலையின் நுரை வரும்போது போர்டை விட்டுவிட்டு முங்குவது. லாங்போர்டு என்ற இந்த நீளமான சறுக்குப் பலகை பொதுவாக 9 அடிக்குக் குறையாது. போர்டைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிறும் ஏறக்குறைய அதே நீளம். இரண்டும் சேர்ந்து நீண்டால் உங்களுக்குப் பின்னால் 18 அடிக்கு யாரும் பத்திரமாக இல்லை. சின்னப் போர்டைப் போல அலைக்கு அடியில் இதை அமுக்கிக்கொண்டு போகவும் முடியாது, மிதப்பு அதிகம். அதற்குத்தான் டர்ட்டில் ரோல். போர்டை அலைக்கு நேராக வைத்து, நுரை நெருங்கியதும் இரண்டு ஓரங்களையும் இறுகப் பிடித்து, போர்டோடு தலைகீழாகப் புரளுங்கள். மூக்குப் பகுதி, அதாவது போர்டின் முன்முனை, மேலே எழும்பாதபடி கீழே இழுத்துப் பிடியுங்கள். நுரை கடந்ததும் புரண்டு ஏறி உடனே கையால் தண்ணீரைத் தள்ளி பேடில் செய்யுங்கள். போர்டு அலைக்குக் குறுக்காக மட்டும் திரும்பிவிடக் கூடாது. திரும்பினால் அது உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

கடலுக்குள் போகும் வழியிலும் கவனம் வேண்டும். அலை உடையாத ஓரமாகச் சுற்றிப் போனால் தூரம் அதிகம்தான், ஆனால் யார் பாதையிலும் இருக்க மாட்டீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டால், எதிரே சறுக்கி வருபவரின் முன்னால் பாய்ந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள். அவருக்குப் பின்னால் இருக்கும் நுரைப் பக்கம் போங்கள். இரண்டு அடி வாங்குவீர்கள், பரவாயில்லை, அவருடைய அலை கெடாது.

அடுத்தது பேராசை. லாங்போர்டு அலையைச் சீக்கிரமே பிடித்துவிடும். எல்லாரையும் தாண்டிக் கடல் பக்கமாக உட்கார்ந்து, வருகிற செட்டையெல்லாம், அதாவது கூட்டமாக வரும் பெரிய அலைகளையெல்லாம், நீங்களே எடுத்துக்கொள்ள முடியும். அலை முதலில் உடையும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் அந்த விதியைச் சாக்காக வைத்து கரைப் பக்கம் காத்திருப்பவர்களைப் பட்டினி போடுவது எனக்கு முறையாகப் படவில்லை. நீண்ட அலை என்பதால் மேலேயிருந்து ஒருவர் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கலாம். எழுந்து நிற்பதற்கு முன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, அலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரொம்பப் பின்னால் படுத்திருந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கும், போர்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நிற்கும். ரொம்ப முன்னால் படுத்தால் மூக்கு குத்திவிடும். மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரல்கடை தெரிந்தால் போதும்.

எழுந்ததும் போர்டின் நுனிக்கு ஓடும் ஆசை எல்லாருக்கும் வரும். நுனியில் நிற்க முடிவதே, வாலின் மேல் தண்ணீர் பாய்ந்து அதைக் கீழே பிடித்து வைப்பதால்தான். அது நடப்பது அலை செங்குத்தாக நிற்கும் இடத்தில். தோள் பக்கம், அலை தட்டையாகிற இடத்தில் நடந்தால் வால் எழும்பும், நீங்கள் விழுவீர்கள். முதலில் பின்னால் ஒரு அடி வைத்து வேகத்தைக் குறையுங்கள், அலை உங்களை எட்டிப் பிடிக்கட்டும். அப்புறம் ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே வைத்து நடங்கள். தேய்த்துத் தேய்த்து நகர்ந்தால் போர்டு ஆடும். கண் காலில் இருக்கக் கூடாது, முன்னால் அலை போகும் வழியில் இருக்க வேண்டும்.

விழும்போது தலைகுப்புறப் பாயாதீர்கள், பல பாயின்ட்களில் அடியில் பாறை இருக்கிறது. உடம்பைப் பரப்பி மேலாக விழுந்து, மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

கால் வழுக்காமலிருக்கப் போர்டில் தேய்க்கும் வேக்ஸ் (மெழுகு) வாங்கும்போது வெப்பமண்டலத்துக்கான கெட்டி ரகத்தைக் கேளுங்கள். தண்ணீர் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் குளிர்நீர் வேக்ஸ் இளகி வழுக்கும். கரைக்கு வந்ததும் போர்டை வெயிலில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வேக்ஸ் உருகுவது ஒரு பக்கம், சூட்டில் போர்டின் மேல்தோல் உள்ளே இருக்கும் ஃபோமிலிருந்து கழன்று உப்பிவிட்டால் செலவு பெரிது.