ஓடி வந்த குதிரையின் மூச்சைக் கணிப்பது எப்படி?

ஓடி நின்ற குதிரைக்கு இரைக்கத்தான் செய்யும். எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது என்பதுதான் கணக்கு. அதற்கு ஓய்வுநேர அளவு முதலில் கையில் வேண்டும். ஒரு வாரம், விடியற்காலையில், தீனி வைக்குமுன் எண்ணி எழுதிவையுங்கள். வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு, நாடி 28 முதல் 44.

எண்ணும்போது மூக்கருகே கையைக் கொண்டுபோகாதீர்கள். மோப்பம் பிடிக்கத் தொடங்கினால் எண்ணிக்கை கெட்டுவிடும். சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நின்று, கடைசி விலாவுக்குப் பின்னுள்ள அள்ளையைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள்.

வண்டிப் பந்தயமோ பயிற்சியோ முடிந்ததும் வண்டியை அவிழ்த்து, வாரைத் தளர்த்தி, நிழலில் மெதுவாக நடத்துங்கள். நின்றவுடனும், பிறகு 5, 10, 15, 30 ஆகிய நிமிடங்களிலும் மூச்சு, நாடி இரண்டையும் குறியுங்கள். நாடிக்கு ஸ்டெதஸ்கோப்பைக் குதிரையின் இடது முன்னங்காலின் மேற்புறமுள்ள முழங்கைக்குப் பின்னால் வையுங்கள். 15 நிமிடத்தில் நாடி 60-ஐ ஒட்டி இறங்கிவிட வேண்டும்.

நாடி இறங்கியும் மூச்சு அதைத் தாண்டி நின்றால், பெரும்பாலும் உடல் சூடுதான் காரணம். சித்திரையில் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் காயாது. குதிரை மூச்சு வழியாகச் சூட்டைத் தள்ளும். உடம்பெங்கும் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். ஆசனவாய் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, ஊற்றியும் இறங்காவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஓடும்போது மூச்சை இழுக்கையில் மட்டும் சீட்டியோ உறுமலோ கேட்டால் கோளாறு பெரும்பாலும் குரல்வளையில். மூச்சை விடுகையில் அடிவயிறு இரண்டாம் தடவை எக்கினால் சிறு மூச்சுக்குழல்கள் சுருங்கியிருக்கின்றன. இதற்கு ஓட்டத்தைக் குறை சொல்வார்கள். லாயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த வைக்கோலை உதறினால் பூசணத் தூசி பறக்கும். அதைக் கொடுக்கவே கூடாது. நல்ல வைக்கோலையும் தண்ணீரில் முக்கித் தரையில் போடுங்கள். தலை தாழ்ந்தால் சளி இறங்கும். லாயம் கூட்டும்போது குதிரையை வெளியே கட்டுங்கள்.

ஓட்டத்துக்குப்பின் தலையைத் தாழ்த்தும்போது இரு மூக்கிலும் ரத்தம் வந்தால் நுரையீரலின் நுண்குழாய்கள் உடைந்திருக்கலாம். டாக்டர் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது.

மூக்கினுள் புண், பிசுபிசுத்த மஞ்சள் சளி, தோலில் முடிச்சு தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கிளாண்டர்ஸாக இருக்கலாம், மனிதரையும் தொற்றும், சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். குதிரையைத் தனியே கட்டி, தண்ணீர் வாளியையும் பிரித்துவைத்து, அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.